காதின் நிறம்: கறுப்பு அடையாளமும் வெள்ளை மொழியும்

ஃப்ரன்ஸ் ஃபனான் என்றதும் நம் வட்டாரத்தில் பேச்சு நேராக வன்முறைக்குப் போய்விடும். அல்ஜீரிய விடுதலைப் போர், 1961இல் அவர் சாவதற்குச் சற்று முன் வந்த கடைசிப் புத்தகம், அதற்கு சார்த்தர் எழுதிய ஆவேசமான முன்னுரை. (முன்னுரையோடு நிறுத்திக்கொண்டு ஃபனானைப் படித்துவிட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு.) 1952இல் வெளிவந்த முதல் புத்தகமான 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நம்மிடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அதன் முதல் அத்தியாயம் மொழியைப் பற்றியது. நிறவெறியைப் பற்றி எழுதப்போகிற ஒரு மனநல மருத்துவர், தோலை விட்டுவிட்டுப் பேச்சிலிருந்து ஏன் தொடங்குகிறார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஃபனான் பிறந்த மார்த்தினிக் கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு. பிரான்சின் காலனி. 1946இல் காலனி என்ற பெயர் போய் பிரான்சின் ஒரு மாவட்டம் ஆனது, அவ்வளவுதான். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களே அங்கே பெரும்பான்மை. (1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்களையும் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் பேச்சும் காலப்போக்கில் அந்தத் தீவின் கிரியோலில் கரைந்துபோயிற்று.) தெருவில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. கொஞ்சம் வசதியான கறுப்புக் குடும்பங்களில் பிள்ளைகள் வாயில் கிரியோல் வந்தால் திட்டு விழும். மார்த்தினிக்காரர்கள் 'ர'கரத்தை விழுங்குவார்கள் என்று பிரான்சில் ஒரு கேலி உண்டு. ஆகவே பிரான்சுக்குக் கப்பலேறப்போகிற இளைஞன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக உச்சரிப்பைப் பழகுகிறான். துறைமுகத்தில் இறங்கி ஒரு ஓட்டலில் போய் உட்கார்ந்து சர்வரைக் கூப்பிடுகிற சொல்லில் 'ர'வை உருட்டித் தள்ளிவிடுகிறான். அடுத்த சொல்லிலேயே பழைய பழக்கம் வந்து 'ர' காணாமல் போகிறது. ஃபனான் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் படிக்கிறவருக்கு அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வராது.

இதைத் 'தாழ்வு மனப்பான்மை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் இளைஞனின் நாக்கைப் பற்றி எழுதிய ஃபனான், உடனே எதிரில் இருக்கும் வெள்ளையரின் பக்கம் திரும்புகிறார். கறுப்பு நோயாளி வந்தால் வெள்ளை மருத்துவர், குழந்தையிடம் பேசுவதுபோல உடைத்து உடைத்துப் பேசுகிறார். நோயாளி நல்ல பிரெஞ்சில் பதில் சொன்னாலும் இவர் தன் உடைந்த பிரெஞ்சை விடுவதில்லை. அல்லது இன்னொரு விதமான வெள்ளையர்: 'அடடா, எவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறீர்கள்!' பிறந்ததிலிருந்து பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் கனவு கண்டவரிடம் இந்தப் பாராட்டு. வசவுக்கும் பாராட்டுக்கும் நடுவே வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இந்த உருவத்திலிருந்து இந்தப் பேச்சு வரக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட ஒரு காது.

நாக்கைத் திருத்திக்கொள்வது ஓரளவு கறுப்பர் கையில் இருக்கிறது. காது அவர் கையில் இல்லை. நிறவெறிச் சமூகத்தில் மொழி பற்றிய சொல்லாடல் முழுக்க நாக்கைச் சுற்றியே நடக்கிறது: சரியாகப் பேசு, தெளிவாகப் பேசு, கொச்சையை விடு. காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜொனாதன் ரோசா, நெல்சன் ஃப்ளோரஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் இதை 'வெள்ளைக் கேட்பாளர்' என்ற கருத்தாக்கமாகவே வளர்த்தெடுத்தார்கள். கேட்பாளர் என்று அவர்கள் சொல்வது ஒரு தனிமனிதரை அல்ல, ஒரு இருப்பிடத்தை. அங்கே பள்ளி ஆசிரியர் உட்காரலாம், நீதிபதி உட்காரலாம், ஒரு பதிப்பாளரும் உட்காரலாம்.

*

முதலில் ஒரு ராணுவக் கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்ஸ் தன் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களைப் படையில் சேர்த்தது. 'செனகல் துப்பாக்கி வீரர்கள்' என்று பொதுப்பெயர், செனகல்காரர்கள் அதில் ஒரு பகுதிதான் என்றாலும். இவர்களுக்கு உத்தரவு போட ஒரு மொழி வேண்டுமே! 1916இல் பாரிசில் ஒரு சிறு புத்தகம் அச்சாகிறது. 'நமது செனகல் துப்பாக்கி வீரர்கள் பேசும் பிரெஞ்சு' என்று தலைப்பு. வினைச்சொல்லுக்கு விகுதி மாறவேண்டாம், எல்லாக் காலத்துக்கும் ஒரே வடிவம் போதும், ஆண்பால் பெண்பால் வேறுபாடு வேண்டாம் - இப்படி விதிகள். தலைப்பு என்னவோ அவர்கள் பேசுவதை வர்ணிப்பதுபோல இருக்கிறது. உள்ளே இருப்பது வெள்ளை அதிகாரிகள் அவர்களிடம் எப்படிப் பேசவேண்டும், அவர்களை எப்படிப் பேசவைக்கவேண்டும் என்கிற பாடம்.

இதற்கு 'பெத்தி நேக்ர்' என்று பெயர். 'குட்டி நீக்ரோ மொழி' என்று சொல்லலாம். வோலோஃப், பம்பாரா என்று இரண்டு மூன்று ஆப்பிரிக்க மொழிகளைச் சரளமாகப் பேசுகிற ஒருவருக்கு வேண்டுமென்றே ஊனப்படுத்தப்பட்ட பிரெஞ்சைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அதையே காட்டி, 'பார், இவனுக்கு வருவது இவ்வளவுதான்' என்றார்கள். 1915இலேயே பனானியா என்ற சாக்லேட் பானத்தின் விளம்பரத்தில் செனகல் வீரன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இந்த உடைந்த பிரெஞ்சில் அதன் ருசியைப் புகழ ஆரம்பித்துவிட்டான். அந்தச் சுவரொட்டி பிரான்ஸ் முழுக்க ஒட்டப்பட்டது. செனகல் கவிஞர் செங்கோர் அந்தச் சிரிப்பின் மீதான கோபத்தைக் கவிதையாக்கினார். ஃபனானும் அந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். அந்த வாசகத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது எப்போது தெரியுமா? 2011இல்.

சிப்பாய்கள் இதை உணராமல் இல்லை. லூசி கூத்தூரியே என்ற ஓவியர் தென்பிரான்சில் ஃப்ரெஜுஸ் முகாம் அருகே குடியிருந்தவர். சில வீரர்களுக்குத் தன் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த அனுபவத்தை 1920இல் புத்தகமாக எழுதினார். தாங்கள் பேசும் பிரெஞ்சைக் கேட்டு ஊர்க்காரர்கள் சிரிப்பதைக் கவனித்து, தங்களுக்குக் கற்பிக்கப்பட்டது பிரெஞ்சுக்காரர்கள் பேசும் பிரெஞ்சு அல்ல என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டதை அதில் பார்க்கலாம். நிஜமான பிரெஞ்சைக் கற்றுக்கொள்ளத்தான் அவர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

இது பிரெஞ்சுக்காரர்களின் தனிச்சொத்து இல்லை. அமெரிக்காவில் 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர் பேச்சு என்று தான் நினைத்ததைப் பேசி, ஆடிப் பாடிப் பிரபலமானார். அவர் மேடையில் போட்ட வேஷத்தின் பெயர் 'ஜிம் க்ரோ'. பின்னாளில் கறுப்பரையும் வெள்ளையரையும் ரயில்பெட்டியில், பள்ளியில், குடிநீர்க் குழாயில்கூடப் பிரித்து வைத்த சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ சட்டங்கள்' என்றே பெயர் நிலைத்தது. வெள்ளையர் இட்டுக்கட்டிய ஒரு கறுப்புக் குரல், கறுப்பர் தலைமேல் சட்டத்தின் பெயராக வந்து உட்கார்ந்துகொண்டது.

*

இங்கே எழுத்தாளர்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடிக்கப்பட்டு 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்ட ஒரு சிறுமி. வந்த கப்பலின் பெயர் 'ஃபில்லிஸ்'. வாங்கியவரின் குடும்பப்பெயர் வீட்லி. ஆக, அந்தச் சிறுமியின் பெயர் ஃபில்லிஸ் வீட்லி. கப்பலும் முதலாளியும் சேர்ந்தால் ஒரு பெயர்! அந்தப் பெண் ஆங்கிலம் கற்று, லத்தீன் கற்று, அன்றைய ஆங்கிலக் கவிதை மரபில் அச்சுப் பிசகாமல் எழுதினார். 1773இல் லண்டனில் புத்தகம் வந்தது. அதன் முன்பக்கத்தில் பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ். காலனியின் ஆளுநரும் அதில் ஒருவர். இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினார் என்று அவர்கள் உறுதியளிக்கிறார்கள். உலக இலக்கியத்தில் எத்தனை முதல் தொகுப்புகள் இப்படி சாட்சிக் கையெழுத்தோடு வந்திருக்கின்றன? இத்தனைக்கும் பிறகு தாமஸ் ஜெஃபர்சன் அந்தக் கவிதைகள் விமர்சனத்துக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கித் தள்ளினார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே ஜெஃபர்சன்தான்.

சரி, எஜமானர்களின் மொழியில் எழுதினால் நம்பமாட்டேன் என்கிறார்கள். தன் மக்களின் பேச்சில் எழுதினால்? பால் லாரன்ஸ் டன்பார் 1872இல் பிறந்தவர், அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு மகன். பொது ஆங்கிலத்திலும் எழுதினார், கறுப்பர் பேச்சுவழக்கிலும் எழுதினார். 1896இல் வில்லியம் டீன் ஹவல்ஸ் - அன்றைய அமெரிக்க இலக்கியத்தின் பெரிய தலைக்கட்டு - டன்பாரைப் பாராட்டி ஒரு மதிப்புரை எழுதினார். டன்பார் ஒரே நாளில் நாடறிந்த கவிஞர் ஆனார். ஆனால் ஹவல்ஸ் தூக்கிப் பிடித்தது வட்டார வழக்குக் கவிதைகளை. அதன்பிறகு பத்திரிகைகள் கேட்டது, கூட்டங்கள் கேட்டது எல்லாம் அதையேதான். தன் மற்றக் கவிதைகளை யாரும் சீந்தவில்லை என்ற வருத்தம் டன்பாருக்குக் கடைசிவரை இருந்தது. அந்த மதிப்புரை தனக்குத் தீராத கெடுதல் செய்துவிட்டதாகவே கடிதத்தில் எழுதினார். 33 வயதில் காசநோயில் செத்துப்போனார்.

வீட்லியையும் டன்பாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவரிடம் 'இது உன்னுடையதாக இருக்கமுடியாது'. இன்னொருவரிடம் 'இது மட்டும்தான் உன்னுடையது'. நாக்கு எதைத் தேர்ந்தெடுத்தாலும் காது தன் இடத்திலேயே இருக்கிறது.

கறுப்பு எழுத்தாளர்களுக்குள்ளேயே இதனால் வந்த சண்டை பெரிது. 1922இல் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஒரு கறுப்புக் கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், அச்சில் வந்துகொண்டிருக்கும் பேச்சுவழக்கால் சிரிப்பையும் பரிதாபத்தையும் தவிர வேறெதையும் சொல்லமுடியாமல் போய்விட்டது என்றார். கரி பூசிய மேடை அந்த வாத்தியத்தைக் கெடுத்துவிட்டது என்பது அவர் வாதம். 1937இல் ஸோரா நீல் ஹர்ஸ்டன், ஃப்ளோரிடாக் கறுப்பர்களின் பேச்சை முழு உயிரோடு நாவலாக்கினார். அதை ரிச்சர்ட் ரைட், வெள்ளை வாசகரைச் சிரிக்கவைக்கும் அதே மேடை உத்தி என்று சாடினார். ரைட்டின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் என் கட்சி ஹர்ஸ்டன் பக்கம்தான். ரைட் தன் விமர்சனத்தில் வெள்ளை வாசகரின் காதையே எல்லாரின் காதாகவும் எடுத்துக்கொண்டுவிட்டார். ஹர்ஸ்டனின் பாத்திரங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். வாசலில் நின்று ஒட்டுக்கேட்பவர் என்ன நினைப்பார் என்பது அந்த நாவலுக்குப் பொருட்டில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் புத்தகம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 1970களில் கறுப்புப் பெண் எழுத்தாளர்களால் மீட்டெடுக்கப்பட்டது.

*

பெயர்களின் கதைக்கு வருவோம். 1850லும் 1860லும் அமெரிக்கக் குடிமதிப்புக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. முதலாளியின் பெயர் இருக்கும். கீழே அடிமைகளின் வயது, பால், நிறம். பெயர் இருக்காது. பெரும்பாலான கறுப்பர்கள் முதன்முதலாகப் பெயரோடு கணக்கில் வந்தது 1870இல்தான். மால்கம், தன் பேருக்குப் பின்னால் 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டது ஏன் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். கணக்குப் பாடத்தில் தெரியாத எண்ணுக்குப் போடுவோமே, அந்த 'எக்ஸ்'.

முகம்மது அலி 1964இல் பழைய பெயரை உதறினார். 1967இல் எர்னி டெரல் என்ற எதிராளி - அவரும் கறுப்பர்தான் - போட்டிக்கு முன் அலியைப் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹூஸ்டன் மேடையில் 15 சுற்றுகள். அடித்துக்கொண்டே அலி கேட்டது ஒரே கேள்வி: என் பேர் என்ன?

இனப்பெயரும் இப்படித்தான் மாறி மாறி வந்தது. 'நீக்ரோ' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடவேண்டும் என்று டுபாய்ஸ் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930இல்தான் இறங்கிவந்தது. நம் எழுத்தில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்பதால் இந்தப் போராட்டத்தின் உறைப்பு நமக்குச் சட்டென்று தெரிவதில்லை. 1966க்குப் பிறகு கறுப்பு அதிகார இயக்கம் வசவாக இருந்த 'பிளாக்' என்பதையே கொடியாகப் பிடித்தது. 1988இல் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்பதை முன்வைத்தார். 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு 'பிளாக்' என்பதற்கும் பெரிய எழுத்து வந்தது. பெயரை மாற்றினால் நிலைமை மாறுமா என்று டுபாய்ஸே 1928இல் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருக்கிறார். மாறாது என்பதுதான் அவர் கட்சி. இருந்தும் அந்தப் பெரிய எழுத்துக்கான போராட்டத்தை அவர் விடவில்லை. இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே நிறவெறி அரசு பலகைகளில் எழுதிவைத்த சொல் 'வெள்ளையரல்லாதார்'. இல்லாத ஒன்றால் ஒருவரை வரையறுக்கிற பெயர். ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் தங்கள் மாணவர் அமைப்பின் 1971 கொள்கை அறிக்கையில் அந்தச் சொல்லைத் தூக்கியெறிந்து 'பிளாக்' என்றார்கள். சட்டத்தாலும் மரபாலும் ஒடுக்கப்பட்டு, அந்த ஒடுக்குமுறைக்கு எதிராகத் தம்மை ஒன்றாகக் காண்கிற ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லாரும் அதில் அடக்கம். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததி இப்படியாகத் தன்னைக் கறுப்பர் என்று அழைத்துக்கொள்ள ஒரு கதவு திறந்தது. சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்ற இந்திய வம்சாவளியினர் அந்த இயக்கத்துக்காக ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். கறுப்பு என்பது இங்கே தோலின் விவரணையாக இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதற்கான பதிலாக இருக்கிறது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் மொழியின் பொருட்டுத்தான்: எஜமானர்களின் ஆஃப்ரிக்கான்ஸில் பாடம் படிக்கமாட்டோம் என்று. அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது.

*

இனி இலக்கணம். தமிழ் இலக்கணம் கொஞ்சம் படித்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ருசி.

அமெரிக்கக் கறுப்பர் பேச்சில் 'ஹி சிக்' என்பார்கள். பொது ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' வரவேண்டும். 'இஸ்' இல்லாததால் இது சோம்பேறிப் பேச்சு, அரைகுறை மூளையின் அடையாளம் என்று 1960களில் கல்வி உளவியலாளர்கள் சிலர் அறிக்கையே எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் 'அவன் நோயாளி', 'இவர் வாத்தியார்' என்று நாம் இரண்டாயிரம் வருஷமாக நடுவில் ஒன்றும் போடாமல்தான் பேசிவருகிறோம். நம் இலக்கணிகள் அதைப் பெயர்ப் பயனிலை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார்கள். ரஷ்ய மொழியிலும் நிகழ்காலத்தில் இப்படித்தான். டால்ஸ்டாயின் மூளையை யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. வில்லியம் லபோவ் 1969இல் இந்த 'இஸ்' விடுபடுவது கண்டபடி நடப்பதில்லை என்று காட்டினார். பொது ஆங்கிலத்தில் 'ஹி'ஸ்' என்று சுருக்கமுடிகிற இடத்தில் மட்டும்தான் கறுப்பர் பேச்சில் அது விடுபடும். சுருக்கமுடியாத வாக்கிய இறுதியில் விடுபடாது. விதி இருக்கிறது, கேட்கத் தெரியவேண்டும்.

இன்னொன்று 'பி'. 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். இந்த நிமிஷம் தூங்கிக்கொண்டிருக்கலாம். நம்மிடம் 'டீ குடிக்கிறான்', 'டீ குடிப்பான்' என்று ஒரு வேறுபாடு இருக்கிறதே, கிட்டத்தட்ட அது. வகுப்பில் எதிர்காலம் என்று படித்த 'குடிப்பான்', பேச்சில் வழக்கத்தையும் குறித்துவிடுகிறது. ஜேனிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். தொலைக்காட்சியில் பிஸ்கட் தின்பதற்கே பேர்போன ஒரு பொம்மைப் பாத்திரம் காய்ச்சலில் படுத்திருக்கிறது. பக்கத்தில் வேறொரு பொம்மை பிஸ்கட் தின்கிறது. 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?' என்று கேட்டபோது வெள்ளைக் குழந்தைகள் தின்றுகொண்டிருந்ததைக் காட்டினார்கள். கறுப்புக் குழந்தைகள் பெரும்பாலும் படுத்திருந்ததைக் காட்டினார்கள். பள்ளித் தேர்வில் இதே குழந்தைகளுக்குத்தான் 'புரிதல் திறன் குறைவு' என்று மதிப்பெண் விழுகிறது.

1979இல் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் 11 ஏழைக் கறுப்புக் குழந்தைகளின் சார்பாக ஒரு வழக்குத் தீர்ப்பானது. அவர்கள் படித்த பள்ளியின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் ஆரம்பப் பள்ளி! நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் சொன்னது முக்கியமானது. குழந்தைகளின் மொழி மட்டும் தடையில்லை. அந்த மொழியைப் பற்றி ஆசிரியர்கள் தங்களை அறியாமலே வைத்திருக்கிற மனோபாவம்தான் தடையாகிறது. ஆகவே அவர் பயிற்சிக்கு உத்தரவிட்டது ஆசிரியர்களுக்கு. ஒரு நீதிமன்றம் நாக்கை விட்டுவிட்டுக் காதைத் திருத்தச் சொன்ன அபூர்வம் இது.

ஆனால் 1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளி வாரியம், கறுப்புக் குழந்தைகளின் பேச்சை 'எபானிக்ஸ்' என்ற மொழியாக அங்கீகரித்து, அதன் வழியாகப் பொது ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று தீர்மானம் போட்டபோது நாடே சிரித்தது. தீர்மானத்தின் வாசகமும் கோளாறுதான், மரபணு அது இது என்று தேவையில்லாத சொற்கள். ஜெஸ்ஸி ஜாக்சனே முதலில் எதிர்த்தார், பிறகு தன் நிலையை மாற்றிக்கொண்டார். 1997 ஜனவரியில் அமெரிக்க மொழியியல் சங்கம் அது விதிகளுள்ள முழுமையான பேச்சுமுறை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கேலிச்சித்திரக்காரர்கள் மொழியியலாளர்களைப் படிப்பதில்லை. எதிர்த்த கறுப்புத் தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். வேலைக்கு மனு போடப்போவது அவர்கள் பிள்ளை.

வேலை, வீடு என்று வந்தால் காது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அளவீடே உண்டு. ஜான் பா என்ற கறுப்பு மொழியியலாளர் வாடகை வீடு கேட்டு ஒரே குரலில், மூன்று வகைப் பேச்சில் வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசினார்: பொது ஆங்கிலம், கறுப்பர் ஆங்கிலம், மெக்சிக வம்சத்தவர் ஆங்கிலம். 1999இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெள்ளையர் அதிகமாக வாழும் பகுதிகளில் பின்னிரண்டு பேச்சுக்கும் வீடு பார்க்க வரச்சொல்வது வெகுவாகக் குறைந்தது. அப்படியென்றால் பொது ஆங்கிலம் பேசினால் பிரச்சினை தீர்ந்ததா? அது தொலைபேசி, முகம் தெரியாது. டொனால்ட் ரூபின் 1992இல் செய்த சோதனை கறுப்பரைப் பற்றியதல்ல, ஆனால் இங்கே பொருந்தும். அமெரிக்கர் ஒருவர் பேசிய ஒரே ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். சிலருக்கு வெள்ளைப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குரலில் அயல் உச்சரிப்பைக் 'கேட்டார்கள்'. பாடம் மனதில் நின்றதும் குறைந்தது. ஃபனானின் மருத்துவரை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த மாதிரி.

*

நீதிமன்றத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2012இல் ஃப்ளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தோழி 2013 விசாரணையில் முக்கிய சாட்சி. வயது 19. வீட்டில் ஹெய்ட்டிக் கிரியோலும் ஸ்பானிஷும் புழங்க வளர்ந்த பெண். ஏறத்தாழ 6 மணி நேரம் சாட்சி சொன்னார். ஜூரிகள் ஆறு பெண்கள், ஒருவர்கூடக் கறுப்பரில்லை. அவர் பேசியது புரியவில்லை, நம்பும்படி இல்லை என்று ஒரு ஜூரர் பின்னால் சொன்னார். 16 மணி நேரக் கலந்தாலோசனையில் அந்தச் சாட்சியம் பேசப்படவேயில்லை என்றும் ஒரு ஜூரர் வழியாகத் தெரியவந்தது. சுட்டவர் விடுதலையானார். ஜான் ரிக்ஃபோர்டும் ஷரீஸ் கிங்கும் 2016இல் அந்தப் பேச்சை வரிவரியாக ஆராய்ந்து, அது முறையான கறுப்பர் ஆங்கிலம் என்று காட்டினார்கள். தீர்ப்பு முடிந்து மூன்று வருஷமாகியிருந்தது.

2019இல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்கள் 27 பேரிடம் கறுப்பர் பேச்சைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். இவர்கள் 95 சதவீதம் பிழையின்றி எழுதவல்லவர்கள் என்று சான்றிதழ் பெற்றவர்கள். சரியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களில் யார், என்ன, எப்போது, எங்கே என்பதே மாறிப்போயிருந்தது. சுருக்கெழுத்தாளர் எழுதியதுதான் ஆவணம். மேல்முறையீட்டில் நீதிபதி படிப்பது அதைத்தான்.

லூசியானா மாநிலத்தில் 2017இல் வந்த ஒரு உத்தரவோடு நிறுத்திக்கொள்கிறேன். போலீஸ் விசாரணையில் இருந்த கறுப்பர் ஒருவர், நான் செய்யவில்லை, எனக்கு ஒரு வக்கீலைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வக்கீலைக் கேட்டால் அந்த நிமிஷமே விசாரணையை நிறுத்தவேண்டும், அது சட்டம். கேட்கும்போது வாக்கியத்தின் நடுவே 'டாக்' என்று ஒரு விளி போட்டார். கறுப்பர் பேச்சில் அது நம் 'மாப்ளே', 'மச்சி' மாதிரி. 'எனக்கு ஒரு வக்கீல் குடு மாப்ளே' என்று படித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மாநில உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது. உடன்பட்டுக் கருத்து எழுதிய நீதிபதி அந்தச் சொல்லை முந்தைய சொல்லோடு சேர்த்து, காற்புள்ளி இல்லாமல், 'லாயர் டாக்' என்று எழுதினார். வக்கீல் நாய். இப்படித் தெளிவில்லாமல் குறிப்பிட்டது வக்கீலைக் கேட்டதாக ஆகாது என்றார்.